தாராக்குஞ்சுகள் தின்ற கச்சான்

நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் கச்சான் என்று பேர். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அனலாக வீசும் காற்றுக்கும் அதே பேர்தான். அந்தக் காற்று வீசும் காலத்தில்தான் கொட்டையும் மண்ணுக்குள் முற்றும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போய் உள்ளே இறங்கினால் வருகிற மணல் காணிகளில் ஒன்று எங்களுடையது. ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு தண்ணீர் மிசின். என் கணவர் மழை குறைந்த சிறுபோகத்தில் அதில் கச்சான் போடுவார். நான் காலையில் முன்பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு காணிக்காரி.

அறுவடை முடிந்ததும் கச்சானைத் தெரிந்தெடுத்துப் பிரிப்பது என் வேலை. நல்லது ஒரு பக்கம், விதைக்கு ஒரு பக்கம். சூம்பியது, உடைந்தது, கறுத்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் ஒரு உரப்பையில் போகும். அந்த உரப்பை ராத்தாவுக்கு.

ராத்தா என் கூடப் பிறந்தவர் அல்ல. ஏறாவூரில், ஆற்றோரம் இருக்கிறது அவர் வீடு. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் இருவரின் கடைசிப் பிள்ளைகளும் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தார்கள். தாய்மார் இரண்டு பேருக்கும் நிலத்தில் விரிக்க ஒரே ஒரு பாய். அது அவர் கொண்டுவந்தது. ஒன்பது நாட்கள் அந்தப் பாயில் மாறி மாறிப் படுத்தோம். என் மகனுக்கு இரத்தத் தட்டுக்கள் குறைந்த அன்று நான் நிலத்தில் குந்திவிட்டேன். அவர் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தார். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அன்றிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னைப் புள்ள என்பார்.

அவருடைய கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். ராத்தா வீட்டில் தாரா வளர்க்கிறார்; வாத்தைத்தான் நாங்கள் தாரா என்போம். காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் எண்பது தாராக்களும் வரிசையாக ஆற்றுக்கு இறங்கும், பின்னேரம் தாமாகத் திரும்பி வரும். கேக் அடிக்கிற பெண்கள் முட்டைக்கு அவரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். என் உரப்பை போகும்போதெல்லாம் அவர் பன்பை நிறைய முட்டை கொடுத்துவிடுவார். இந்தக் கொடுக்கல் வாங்கல் வருடக்கணக்காக நடந்தது.

பிறகு எண்ணெய் இல்லாத அந்த வருடம் வந்தது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற வருடம். நாங்கள் கச்சான் போட்டு, களை பிடுங்கி, பூ விழுந்து, விழுது மண்ணுக்குள் இறங்கும் வரைக்கும் எப்படியோ சமாளித்தோம். கடைசி ஒரு மாதம் மிசினுக்கு ஊற்ற ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. என் கணவர் கானையும் தூக்கிக்கொண்டு மூன்று நாட்கள் வரிசையில் நின்று வெறுங்கானோடு வந்தார். கச்சான் காற்று மணலை உலையாக்கியது. நாங்கள் இரண்டு பேரும் வாளியால் அள்ளி ஊற்றினோம். ஒன்றரை ஏக்கருக்கு வாளி எந்த மூலைக்கு?

பிடுங்கும்போது பாதிக் காய்கள் மண்ணிலேயே அறுந்து நின்றன. வந்தவற்றில் பலவற்றின் கோது வெடித்திருந்தது. காய வைத்த மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு மழை வந்து இரண்டு நாட்கள் நின்று பெய்தது. தறப்பாளால் மூடினோம். உள்ளே புழுங்கியது. கோதை உடைத்துப் பார்த்தபோது சில பருப்புகளின் இடுக்கில் பச்சை மாவு போல ஏதோ ஒட்டியிருந்தது.

"பூஞ்சணம்தானே. காய்ஞ்சாப் போயிடும்" என்றார் என் கணவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மற்ற வருடங்களில் ஒரு உரப்பை வரும் கழிவு அந்த முறை நாலு வந்தது. எனக்குக் கவலைக்குள்ளும் ஒரு சந்தோஷம். ஏனென்றால் தீனி விலை ஏறி, ராத்தா தாராக்களுக்கு என்ன போடுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். தவிடும் கிடைக்கவில்லை. அவர் அப்போதுதான் நாற்பது குஞ்சு பொரிக்க வைத்திருந்தார். நாலு பையையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். நல்ல பருப்பிலும் கொஞ்சம் அள்ளி மேலே போட்டேன்.

ராத்தா வாசலுக்கு ஓடி வந்தார். "அல்லாஹ், இவ்வளவுமா? ஒனக்கே இல்லாத நேரத்தில ஏன் புள்ள?"

"எனக்கென்ன, ஒங்கட குஞ்சு திண்டாக் காணும்."

அவர் அன்றைக்கே கொஞ்சத்தை உரலில் இடித்து, குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள் பஞ்சு உருண்டைகள் போல நாற்பதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு நான் கேட்கும்போதெல்லாம் ராத்தா போனில் சொல்வார்: "நல்லா இரிக்கி புள்ள. திண்டு கொழுத்துப்போச்சு." முட்டையும் வழமை போல வந்தது. அவருடைய மகன் பள்ளிக்கூடம் போகும் வழியில் எங்கள் முன்பள்ளியில் பையைத் தந்துவிட்டுப் போவான். ஒரு வித்தியாசம் மட்டும் கண்டேன். முன்பு வெள்ளையாக இருந்த முட்டைகள் இப்போது இளநீலமாக இருந்தன. கேட்டதற்கு, "புது ஆக்கள் முட்டையிடத் தொடங்கிட்டாங்க" என்று சிரித்தார்.

மார்கழியில் முன்பள்ளி விடுமுறை விட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் ராத்தாவைப் பார்க்கப் போனேன். முதல்நாள் பெய்த மழையில் ஒழுங்கை முழுக்கச் சேறு. கால் கழுவலாம் என்று வீட்டைச் சுற்றிப் பின்வளவுக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றுக்கு அப்பால், தென்னைக்கு அடியில், கச்சான் செடிகள் முளைத்திருந்தன. விதைத்து முளைத்தது போல அல்ல. ஒரே குழிக்குள்ளிருந்து நூறு செடி நெருக்கியடித்துக்கொண்டு தலையைத் தூக்கியிருந்தது. பக்கத்தில் என் கணவர் கட்டிய முடிச்சோடு ஒரு உரப்பை பாதி புதைந்து கிடந்தது.

கூட்டைத் திரும்பிப் பார்த்தேன். பதினொரு தாரா நின்றது. குஞ்சு ஒன்றும் இல்லை.

ராத்தா பின்கதவால் வந்தவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க ராத்தா மத்ததெல்லாம்?"

"ஆத்தில நிக்கிது."

"குஞ்சுகள்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய்க் குசினிக்குள் பலகைக்கட்டையில் இருத்தி, தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

நான் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு கிழமைக்குள் குஞ்சுகள் தீனியை விட்டுவிட்டன. நொண்டின. பிறகு ஒவ்வொன்றாகத் தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு விழுந்தன. முதலில் நோய் என்று நினைத்துத் தண்ணீரில் மருந்து கலந்தார். ஓதிப் பார்த்தார். பெரிய தாராக்களும் முட்டையை நிறுத்திவிட்டு மெலிந்து சாகத் தொடங்கியதும் மிருக வைத்தியரைக் கூட்டி வந்தார். அவர் செத்த குஞ்சு ஒன்றை வெட்டி ஈரலைக் காட்டினார். அது வெளிறி, வீங்கி, இரத்தப் புள்ளி புள்ளியாக இருந்ததாம். என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே தீனிச் சட்டியைக் கிளறி, ஒரு கச்சான் பருப்பை எடுத்துப் பிளந்து, மூக்கில் வைத்து மணந்து பார்த்திருக்கிறார். இந்தப் பச்சைப் பூஞ்சணத்தில் நஞ்சு ஊறும், தாராக்குஞ்சைப் போல அதற்குச் சீக்கிரம் சாகிற உயிர் வேறு இல்லை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சந்தையில வாங்கினது எண்டு சொன்னன்."

"அப்ப அந்த முட்டை?"

"அடுத்த தெருவில ஒரு மனிசிட்ட வாங்கித்தான் அனுப்பினன். அவட தாரா வேற சாதி. அதுதான் நீலம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நாலு மாசமா எனக்குப் பொய் சொல்லியிருக்கீங்க ராத்தா. நான் கொண்டுவந்த நஞ்சில ஒங்கட குஞ்செல்லாம் செத்துப்போக, நீங்க எனக்கு முட்டை வாங்கி அனுப்பியிருக்கீங்க!"

"மறுகா என்ன செய்யச் சொல்றாய்?" அவர் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "நீ ஒன்ட வாயக் கட்டிப்போட்டுக் கொண்டுவந்து தந்த. நல்ல கொட்டையும் அள்ளிப் போட்டிருந்த, நான் காணல்லையா? அத எப்பிடி நான் நஞ்செண்டு ஒன்ட மூஞ்சியப் பாத்துச் சொல்றது? தாரா போனா வேற தாரா வாங்கலாம்."

அன்றைக்கு அந்தத் தேத்தண்ணீரை நான் குடித்தேனா என்று ஞாபகமில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர் பஸ் நிற்கும் இடம்வரை குடையோடு கூட வந்தார். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. அதே கச்சானை நாங்களும்தானே தின்றோம். நான் தெரிந்து எடுத்த நல்ல பருப்பில் உருண்டை செய்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேனே.

முன்பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஒன்றின் தாய் வந்தாறுமூலைக் கம்பஸில் விவசாயம் படிப்பிக்கிறவர். பூஞ்சணத்தையும் அதன் நஞ்சையும் தாங்கக்கூடிய கச்சான் இனங்களைத் தேடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு முதல் வருடமே ஒரு பெற்றோர் கூட்டம் முடிந்தபிறகு, உங்கள் காணியில் ஒரு பரிசோதனை செய்யலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார். ஒரு போகத்தைக் கம்பஸுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் என்ன செய்வது என்று என் கணவர் மறுத்துவிட்டார்.

மறுநாளே அவருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "மிஸ், அந்தப் பிள்ளைகளுக்கு ஏதும் ஆகுமா?"

அவர் சொன்னார்: "டீச்சர், ஒண்டும் இல்லையெண்டு சும்மா சொல்லமாட்டன். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாப் போகாது. ஆனா நஞ்சு எல்லாப் பருப்பிலயும் ஒரே அளவா இருக்காது. நிறம் மாறினது, சூம்பினது, உடைஞ்சதிலதான் கூட இருக்கும். நீங்க அதெல்லாத்தையும் தெரிஞ்சு எடுத்துப் போட்டுத்தானே குடுத்தீங்க. ஒரு நாள் ரெண்டு உருண்டை திண்டதுக்குப் பயப்பிடாதீங்க. வருசக்கணக்கா ஒவ்வொரு நாளும் திண்டாத்தான் ஈரலுக்குக் கூடாது."

அந்தத் தெரிந்தெடுத்தல்தான் பிள்ளைகளைக் காத்தது. அந்தத் தெரிந்தெடுத்தல்தான் நஞ்சு முழுவதையும் திரட்டி ஒரே இடத்தில், நாலு உரப்பையில், ராத்தாவின் குஞ்சுகளுக்கு அனுப்பியது. மிஸ் போனை வைத்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

காணியைக் கொடுப்போம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ராத்தாவின் கதையைக் கேட்டு மனம் உடைந்துதான் இருந்தார். ஆனாலும் இனம் என்ற பேச்சு வந்ததும் நிமிர்ந்தார்.

"என்ட கச்சானுக்கு என்ன குறை? தண்ணி இல்லாததுக்குக் கொட்டை என்ன செய்யும்?"

அவருடைய கச்சான் சிவப்புத் தோல், பெரிய பருப்பு. பன்னிரண்டு வருடமாக விதை பிடித்து வைத்துப் போடுகிறார். கொக்கட்டிச்சோலைத் திருவிழாவில் கச்சான் வறுக்கிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். கடைசியில், மிஸ்ஸின் ஏழு இனங்களோடு அவருடைய சிவப்பும் எட்டாவதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் சம்மதித்தார்.

அடுத்த சிறுபோகத்தில் மிஸ் வந்து கயிறு பிடித்துப் பாத்தி அளந்தார். இனங்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். ஒவ்வொன்றும் ஆறு இடத்தில், மூன்று இடம் கடைசிவரை தண்ணீரோடு, மூன்று இடம் கடைசி ஒரு மாதம் தண்ணீர் இல்லாமல். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்று என் காதுக்குள் சொன்னார்: "ஒரு ஒழுங்கில்லாம நடுறதுக்கா கம்பஸில படிக்கிறாங்க?"

கடைசி மாதம் வந்தது. மிசின் இருந்தது, மண்ணெண்ணெயும் இருந்தது, ஆனால் பாதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடக்கூடாது. அது அவருக்குப் பெரிய தண்டனையாகப் போயிற்று. மத்தியானத்தில் இலைகள் மடிந்து தொங்குவதைப் பார்த்தால் சோறு இறங்காது. காணிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

இரண்டு கிழமை கழித்து மிஸ் வந்து மண்ணில் ஒரு குழாயை இறக்கி எடுத்து ஈரம் பார்த்தார். ஒவ்வொரு பாத்தியாக எழுதிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். திரும்ப இறக்கினார். அங்கே மண் கறுப்பாக, ஈரமாக வந்தது.

"ஐயா, இதுக்குத் தண்ணி விட்டீங்களா?"

என் கணவர் வானத்தைப் பார்த்தார். பிறகு வரம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விடல்ல மிஸ். வாளியால கொஞ்சம் தெளிச்சன். விடியக்காலமை."

"எத்தினை நாள்?"

"ஒவ்வொரு நாளும்."

அது அவருடைய சிவப்புக் கச்சான் பாத்தி. மற்ற இரண்டையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு காயவிட்டாராம். இது வீட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற பாத்தி. மிஸ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் கொப்பியில் அந்தப் பாத்தியைக் குறுக்கே வெட்டினார். வெட்டிவிட்டு, "பிள்ளைக்கு ஊசி போடேக்க அப்பாமாரை வெளிய அனுப்பிறதுதான் நல்லது" என்றார். என் கணவர் அன்று மாலை மிஸ்ஸின் காரில் ஒரு பூசணிக்காயை ஏற்றிவிட்டார்.

பிடுங்கிக் காய வைத்த பிறகு பருப்புத் தெரிந்தெடுக்க ஆள் வேண்டும். யாருமே கூப்பிடாமல் ராத்தா வந்தார். காலையில் செங்கலடிச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வந்து, எங்கள் வாகை மரத்தின் கீழ் காலை நீட்டி இருந்தால் மத்தியானத் தொழுகைக்கும் அஸருக்கும்தான் எழும்புவார். ஒவ்வொரு பருப்பையும் விரலில் உருட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்து, தோலில் கீறல் இருக்கிறதா, முளைவிடும் மூக்கில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். நானும் மிஸ்ஸின் மாணவிகளும் விட்டதையெல்லாம் அவர் பிடித்தார்.

"ராத்தா, உங்களுக்கு எப்பிடி இவ்வளவு கண் தெரியிது?" என்று மிஸ் கேட்டார்.

"எனக்குக் கண்ணாடி இல்லாமப் பேப்பர் வாசிக்கவும் ஏலா மிஸ். இது கண்ணால பாக்கிறது இல்ல" என்றார் ராத்தா.

ஆய்வுகூடத்துக்கும் மிஸ் எங்களைக் கூட்டிப் போனார். ஒவ்வொரு இனத்திலும் கீறல் இல்லாத நல்ல பருப்புகளை எடுத்து, கழுவி, வேண்டுமென்றே அந்தப் பூஞ்சணத்தைத் தெளித்து, ஈரமான கண்ணாடித் தட்டுகளில் எட்டு நாட்கள் மூடி வைத்திருந்தார்கள். மூடிக்கு மேலால்தான் பார்க்க வேண்டும், திறக்கக்கூடாது. சிவப்புக் கச்சான் இருந்த தட்டில் பருப்பே தெரியவில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த வெல்வெட்டுத் துணியால் போர்த்தியது போல இருந்தது. ஐந்தாம் இலக்கத்துத் தட்டில் இரண்டு பருப்பில் மட்டும் ஒரு பொட்டுப் பச்சை.

"அஞ்சில தோல் இறுக்கம். இடைவெளி இல்லாம ஒட்டியிருக்கு. பூஞ்சணத்துக்கு உள்ள போக வழி கிடைக்கிறதில்ல" என்று மிஸ் விளங்கப்படுத்தினார்.

ராத்தா சிவப்புத் தட்டின் மேல் குனிந்தார். மூச்சு கண்ணாடியில் படிந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"இதுதான் என்ட குஞ்சுகளத் திண்டதா?"

"ஓம் ராத்தா."

"வடிவா இரிக்கி" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வரும்வரைக்கும் விடவில்லை.

ஐந்தாம் இலக்கம்தான் எங்களைக் காக்கப்போகிறது என்று நான் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். என் கணவரிடம் சொன்னபோது அவர் எழும்பிப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

நஞ்சின் அளவைப் பார்க்க மாதிரிகள் வேறிடத்துக்குப் போய் வர மாதக்கணக்காயிற்று. முடிவு வந்ததும் மிஸ் காணிக்கே வந்தார். வாகை மரத்தடியில் கதிரை போட்டு அவரை இருத்தினோம். ராத்தாவும் வந்திருந்தார். தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மிஸ் நிதானமாகச் சொன்னார்.

தண்ணீர் நிறுத்திய பாத்திகளில் ஐந்தாம் இலக்கத்திலும் நஞ்சு இருந்தது. சிவப்பை விடக் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்லமுடியாது. ஆய்வுகூடத்தில் பூஞ்சணம் நன்றாகவே பிடித்த இரண்டாம் இலக்கத்தில் நஞ்சு எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தது.

"அது எப்பிடி?" என்றேன்.

"பூஞ்சணம் பிடிக்கிறது வேற, நஞ்சு ஊறுறது வேற டீச்சர். ஒரு இனம் வாசல்ல தடுக்கும். இன்னொரு இனம் உள்ள விட்டிட்டு நஞ்சு செய்ய விடாது. ரெண்டையும் நல்லாச் செய்யிற ஒண்ட நானும் இன்னும் காணல்ல. இது ஒரு போகத்து முடிவுதான். இன்னும் ரெண்டு மூண்டு தரம் செஞ்சு பாத்தாத்தான் அடிச்சுச் சொல்லலாம்."

பிறகு தாளைத் திருப்பினார். "ஆனா ஒண்டு. கடைசிவரை தண்ணி விட்ட பாத்தியில, மழை படாமக் கெதியாக் காய வச்சதால, ஐயாவின்ட சிவப்பிலயும் நஞ்சு இல்லையெண்டு சொல்ற அளவுக்குத்தான் இருக்கு."

என் கணவரின் முகத்தை நான் பார்த்தேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினார். "நான் சொன்னன்தானே, தண்ணி இல்லாததுக்குக் கொட்டை என்ன செய்யும் எண்டு."

"ஓம். நீங்க சொன்னதும் சரி" என்றார் மிஸ். "ஆனா தண்ணி இல்லாத வருசம் திரும்ப வந்தா?"

என் கணவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "அஞ்சில எனக்கு விதை தருவீங்களா?" என்று கேட்டார்.

இப்போது கிணற்றைச் சுற்றியுள்ள பாதியில் சிவப்பும், தண்ணீர் எட்டாத தூரப் பாதியில் ஐந்தாம் இலக்கமும் போடுகிறோம். ஐந்தாம் இலக்கம் சின்னப் பருப்பு, வறுத்துக் கையால் கசக்கினாலும் தோல் லேசில் போகாது. என் கணவர் அதைத் துரும்பு என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டுக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக் கொறிப்பார். கடைசி மாதத்துக்கு ஒரு கான் மண்ணெண்ணெயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அதில் யாரும் கைவைக்கக்கூடாது. காய வைக்க நிலத்தில் விரிப்பதில்லை, பரண் கட்டியிருக்கிறோம். கழிவை யாருக்கும் கொடுப்பதில்லை. குழி வெட்டி எரித்து மூடிவிடுகிறோம்.

ராத்தாவுக்குக் குஞ்சு வாங்கிக் கொடுக்க நான் எவ்வளவோ கேட்டேன். சண்டை பிடித்தும் பார்த்தேன். சம்மதிக்கவில்லை. "தாராவை நான் வாங்கிக்குவன். கூடுதான் ஒழுகுது. ஒன்ட மனிசனுக்கு ஏலுமெண்டா அதச் செஞ்சு தரச் சொல்லு" என்றார். என் கணவர் நாலு ஞாயிற்றுக்கிழமை போய், பழைய கூட்டைப் பிரித்து, தகரம் போட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் ராத்தா வீட்டு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி அந்தக் கிழமை முழுவதும் என்னிடம் கதைத்தார். இப்போது அதில் அறுபது தாரா நிற்கிறது. குஞ்சு பொரித்தால் எனக்குத்தான் முதல் போன்.

போன மாதம் நானும் ராத்தாவும் வாழைச்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு எங்கள் காணிக்கு வரும் வழியில், செங்கலடிச் சந்தியில் பஸ் மாறினோம். அங்கே ஒருவர் தள்ளுவண்டியில் கச்சான் வறுத்துக்கொண்டிருந்தார். சுடு மணலின் மணம் வந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ராத்தா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"தம்பி, இது எந்த ஊருக் கச்சான்?"

"தெரியா உம்மா. மொத்தக் கடையில எடுத்தது."

ராத்தா ஒரு காயை எடுத்துக் கோதை உடைத்தார். பருப்பைப் பிளந்து நடுவில் பார்த்தார். மணந்தார். இரண்டாவதை உடைத்தார். மூன்றாவதில் மூக்குப் பக்கம் கொஞ்சம் கறுத்திருந்தது. அதைக் கச்சான்காரரின் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இதக் கண்டா? இப்பிடி இரிக்கிறதெல்லாம் பொறுக்கி எறி. மழையில நனைஞ்ச சாக்க வாங்காத. மொத்தக் கடைக்காரனிட்டக் கேளு, எங்க காய வச்சது எண்டு."

பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பதுளை வீதி பஸ் வேறு வந்து ஹோர்ன் அடித்தது. கச்சான்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "உம்மா, வாங்கிறதெண்டா வாங்குங்க. ஒவ்வொரு கொட்டையோடயும் கதைச்சா நான் எப்ப வீட்ட போறது?"

"இந்தா, நானே போடுறன்" என்று ராத்தா பேப்பர்ச் சுருளை எடுத்து, தான் தெரிந்தெடுத்த காய்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பஸ் புறப்பட்டுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது. தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுருளைத் தின்று முடித்தோம்.